ஊறவிட்ட மாவும் வெள்ளையடித்த சுவரும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே ஊர் சுற்றப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். திரும்பி வந்து சாப்பிடுவது ஹோட்டல் சாப்பாடாக இருக்க வேண்டும். ஆனால் அது ஹோட்டலில் வாங்கியதாக இருக்கக் கூடாது. முதன்முறை கேட்பவர்கள் சிரிப்பார்கள். சட்டம் பிறந்த கதையைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். வெயிலில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, பசி தாளாமல் கண்ணில் பட்ட ஒரு கடையில் நுழைந்து சில்லி சிக்கனும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தோம். சுவரில் பார்த்த சிவப்பைவிட அந்தக் கோழியின் சிவப்பு அழுத்தமாக இருந்தது. மகனின் விரல்களில் ஏறிய சாயம் சோப்புப் போட்டும் மாலைவரை போகவில்லை. இரவு பத்து மணிக்கு இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மாமியார் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தபடியே, "சுவத்துல இருக்கிற சாயத்தைப் பாக்கப் போயி வயித்துக்குள்ள பூசிட்டு வந்திருக்காங்க" என்று சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் புழங்கும் வாக்கியம். ஊர் சுற்றலையும் விடக் கூடாது, ஹோட்டல் ருசியையும் விட மனமில்லை என்றபோது இந்தச் சட்டம் வந்தது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பு. வேலந்தாவளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் கணவாயின் வாயிலில் உட்கார்ந்திருப்பதால் ஆடிக் காற்றும் எங்களுக்குத்தான், தமிழ்நாட்டுப் பக்கத்து வறட்சியும் எங்களுக்குத்தான். 1956க்கு முன்பு பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரோ கொச்சியைச் சேர்ந்த பகுதி. இப்படி எல்லைகள் மாறி மாறி வந்த ஊரில், பேருந்தின் பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்து, பள்ளிக்கூடத்தில் இரண்டு பயிற்றுமொழி, கடைத்தெருவில் இரண்டு வகைப் பரோட்டா. நான் தமிழ் வழிப் பிரிவில் ஆசிரியை. பள்ளியில் ‘டீச்சரே’ என்று மலையாள ஏகாரத்தோடு அழைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தைக் கொங்குத் தமிழில் தொடரும் பிள்ளைகளுக்கு நடுவில்தான் என் பகல் பொழுது கழிகிறது. அந்தப் பிள்ளைகள் மலையாளம் பேசும்போது ‘பொறோட்டா’ என்கிறார்கள், தமிழுக்குத் திரும்பியதும் ‘புரோட்டா’ என்கிறார்கள். தட்டில் இருப்பது ஒன்றுதான் என்றாலும், முதலாவதற்குத் தொட்டுக்கொள்ள வறட்டிய இறைச்சியையும் இரண்டாவதற்குச் சால்னாவையும் எதிர்பார்க்கிறார்கள்.

ஹோட்டல் சாப்பாட்டை வீட்டில் சமைப்பது என்று தீர்மானித்த முதல் ஆறு மாதம் தோல்வி என்றே சொல்ல வேண்டும். செய்முறைக் காணொளிகளைப் பார்த்து, பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். முந்திரி, பாலேடு, வெண்ணெய், காய்ந்த வெந்தயக்கீரை என்று கூடக் கூடப் பொருள்களைச் சேர்த்ததில் செலவு ஏறியது, ருசி ஏறவில்லை. மேலும் ஞாயிறு காலை முழுவதும் அடுப்படியில் போனது. சுவர் பார்க்கப் போவதற்காக ஏற்பட்ட சட்டம், சுவர் பார்க்கவே போக முடியாதபடி செய்துவிட்டது. கணவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார். நான் வெங்காயத்தோடு இருப்பேன். நான்காவது வாரம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் கிளம்பிவிட்டேன். அன்றைக்குப் பழைய சோறும் மோர்மிளகாயும்தான்.

திருப்பம் எங்கள் கடைத்தெருவிலேயே கிடைத்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாலையில் மட்டும் திறக்கும் பரோட்டாக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே பரோட்டா போடும் மாஸ்டரின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அவரிடம் ஒரு நாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவர் ரகசியம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவருடைய பதிலாகவும் இருந்தது. "டீச்சர், நீங்க சாப்பிட வர்றது ஏழு மணிக்கு. நாங்க சமைக்கிறது ரெண்டு மணிக்கு. ஏழு மணிக்கு நாங்க எதையும் சமைக்கிறதில்ல, எடுத்துக் குடுக்கிறோம், அவ்வளவுதான்."

அந்த ஒரு பதிலில் எனக்கு எல்லாம் தெளிந்தது. ஹோட்டல் சமையல் என்பது சாப்பிடுகிறவர் வருவதற்கு வெகு முன்னதாகவே முடிந்துவிட்ட சமையல். வெங்காயம் வதங்கி, மசாலா அரைபட்டு, மாவு ஊறி, கோழி அரை வேக்காட்டில் எடுத்து வைக்கப்பட்டு, எல்லாம் பாத்திரம் பாத்திரமாகக் காத்திருக்கும். வாடிக்கையாளர் உட்கார்ந்த பிறகு நடப்பது பத்து நிமிட வேலை. வீட்டில் நாம் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் காணொளியில் பார்க்கிறோம். அதற்கு முந்தைய ஐந்து மணி நேரத்தைப் பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொண்ட பின் என் சனிக்கிழமை மாலை அடுப்படிக்கும், ஞாயிறு காலை ஊர் சுற்றவும் என்று ஆயிற்று.

சால்னாவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முந்தின நாள் வைத்தால் ருசி கூடும் குழம்புகளில் அதற்குத்தான் முதலிடம் என்பது என் முடிவு. ஐந்து பேருக்கு மூன்று பெரிய வெங்காயமும் நான்கு தக்காளியும் அரைக் கிலோ எலும்போடு கூடிய கோழியும் போதும். அரைக்க வேண்டியவை: அரை மூடித் தேங்காய், இரண்டு தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு மேசைக்கரண்டி கசகசா, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. நான் வழக்கமாக முந்திரி போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு மாஸ்டர் சிரித்தார். நாளொன்றுக்கு ஐந்நூறு பரோட்டா விற்கும் கடையில் முந்திரி போட்டுச் சால்னா வைத்தால் கடையை விற்க வேண்டியதுதான், கெட்டித்தன்மைக்குப் பொட்டுக்கடலை போதும் என்றார். ஆக, நான் தேடிய அந்தக் கடை ருசியில் சிக்கனத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது! எண்ணெயில் பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி ஆகியவற்றைப் பொரியவிட வேண்டும். கல்பாசி மட்டும் சரியான நேரத்தில் விழ வேண்டும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் அது கருகி, மண்வாசனைக்குப் பதிலாகப் புகைநாற்றம் தரும். வெங்காயத்தைப் பொன்னிறத்தையும் தாண்டி, ஓரங்கள் செம்பழுப்பாகும் வரை வதக்குவதில்தான் நான் முன்பெல்லாம் பொறுமை இழந்திருக்கிறேன். அதற்கு எங்கள் வீட்டு அடுப்பில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பிடிக்கிறது. தேங்காய் விழுது சேர்த்த பின், சிறு தீயில் மேலே எண்ணெய் பிரிந்து மிதக்கும் வரை கொதிக்கவிட்டு இறக்கி, ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாள் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றித் தளர்த்திச் சூடாக்கும்போதுதான் அது சால்னாவாகிறது. முந்தின இரவு ருசி பார்த்தால் வெறும் கோழிக்குழம்பு.

சாம்பாருக்கும் இதே கதை. கோவை ஹோட்டல் சாம்பாரின் அந்த இலேசான இனிப்பு வெல்லத்தால் மட்டும் வருவதன்று என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. துவரம்பருப்போடு ஒரு பிடி பாசிப்பருப்பும், ஒரு கீற்றுப் பரங்கிக்காயும் சேர்த்துக் குழைய வேகவைத்து மசித்துவிட்டால், பரங்கிக்காய் கண்ணில் படாமலே கரைந்து, சாம்பாருக்கு உடம்பும் இனிப்பும் தந்துவிடும். என் மகனுக்குப் பரங்கிக்காய் ஆகாது. இரண்டு வருடமாக அதைத்தான் மூன்றாம் முறை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் கட்டுரையை அவன் படிக்கமாட்டான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தீ ஒன்றுதான் வீட்டில் ஈடுகட்ட முடியாதது. ஹோட்டல்காரர்களின் வணிக சிலிண்டர் 19 கிலோ, நம்முடையது 14.2 கிலோ என்பது எடையில் உள்ள வேறுபாடு. அதைவிடப் பெரியது அவர்களுடைய பட்டி அடுப்பில் வாயு சீறி வரும் வேகம். கடைத் தோசைக்கல் விரல் கனத்துக்கு இருக்கும். குளிர்ந்த மாவு விழுந்தாலும் சூடு இறங்காது. நம் மெல்லிய கல்லில் முதல் தோசை ஊற்றியதுமே சூடு பாதியாகிவிடும், இரண்டாவது தோசை வெளுக்கும். இதற்கு நான் கண்ட வழி, பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு கனத்த வார்ப்பிரும்புக் கல்லை வாங்கிப் பழக்கி, கால் மணி நேரம் முன்னதாகவே அடுப்பில் ஏற்றிவிடுவது. பாலக்காட்டுப் பக்கம் ராமசேரியில் முதலியார் குடும்பங்கள் மண்பானையின் வாயில் வலைபோல் நூல் கட்டி, அதன்மேல் துணி விரித்து இட்லி வார்க்கிறார்கள். அதை வீட்டில் செய்து பார்க்க நான் துணியவில்லை. சிலவற்றை அவரவர் இடத்தில் போய்ச் சாப்பிடுவதுதான் மரியாதை. ராமசேரி இட்லிக்காக மட்டும் எங்கள் சட்டத்தில் ஒரு விலக்கு வைத்திருக்கிறோம்.

இப்படிச் சனிக்கிழமை இரவே வேலை முடிந்துவிடுவதால், ஞாயிறு காலை ஆறரை மணிப் பேருந்தில் நான்கு பேரும் ஏறிவிட முடிகிறது. உக்கடத்துக்கு மறுபடியும் போனோம். முதல் தடவை நிறத்தை மட்டும் பார்த்திருந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது, ஓவியத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட ஜன்னல்களும் அந்த ஜன்னல்களில் காயும் லுங்கிகளும்தான் என்னை நிறுத்தின. மாடி மாடியாக ஏறும் சுவரில் ஒரு முகத்தை அளவு பிசகாமல் கொண்டுவர வேண்டுமென்றால், முதலில் சுவரைச் சுரண்டி, பூச்சுப் பூசி, கட்டம் பிரித்து, சிறு தாளில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் சுவரின் கட்டத்துக்கு மாற்ற வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தக் கட்டங்கள் தெரியாது. சென்னை கண்ணகி நகரில் 2020இல் இதுபோல் தொடங்கியபோது, நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட மக்களின் சுவரில் வண்ணம் அடிப்பதால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி உக்கடத்திலும் செல்லும். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் சரியாக இருப்பது ஓவியத்தைவிட முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாங்கள் அண்ணாந்து நின்றபோது, ஒரு பாட்டி தானாக வந்து, எந்த ஓவியம் எந்த மாதம் முடிந்தது, வரைந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தது யார் என்றெல்லாம் சொந்த வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கொச்சிக்கு ஒரே ஒரு முறை போனோம். 2012 டிசம்பர் 12 அன்று முதல் பியன்னாலே, அதாவது இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி, தொடங்கியதிலிருந்து ஃபோர்ட் கொச்சியின் சந்துச் சுவர்களுக்கு ஒரு புது வாழ்வு வந்தது. முகம் காட்டாமல் ‘கெஸ் ஹூ’ என்ற பெயரில் வரைபவரின் சுவர்ப்படங்கள் அந்தக் காலத்தில்தான் பேசப்பட்டன. நாங்கள் போனபோது பல படங்கள் மழையில் உரிந்து பாசி பிடித்துக் கிடந்தன. மகள் ஏமாந்தாள், எனக்கு அந்த உரிந்த சுவர்கள் பிடித்திருந்தன. எப்படியும் மதியத்துக்குள் கொச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை திரும்ப முடியாது என்பதால் சட்டத்தை மீற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தூரத்துப் பயணம் இல்லை.

பாலக்காட்டு நகரத்திலுள்ள கல்பாத்திக்கு வருடா வருடம் போகிறோம். ஐப்பசி மாதத் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத்தின் இருபுறத்து வாசல்களிலும் அரிசிமாவை நீரில் கரைத்து, துணித்துண்டை நனைத்து, விரலிடுக்கில் மாவுநீர் வழியவிட்டு இழைக்கும் மாக்கோலங்களைப் பார்த்தால், தெருக்கலை என்ற சொல்லுக்கு இவர்களைக் கேட்காமலே நாம் பொருள் வைத்துக்கொண்டோம் என்று தோன்றும். செம்மண் கரை கட்டிய அந்தக் கோலம் மாலைத் தேர்க்கூட்டத்தின் காலடியில் போய்விடும், அடுத்த விடியலில் வேறொன்று வரும். ஈரமாக இழைக்கும்போது கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. உலர்ந்த பின்தான் வெள்ளை எடுப்பாகும். தெரியாத கோட்டை நம்பிக் கை அடுத்த வளைவுக்குப் போக வேண்டும். அந்தத் தெருவில் ஒரு மூதாட்டி குனிந்தபடியே என் மகளிடம், "ஈரத்தைப் பாக்காதே கொழந்தே, கையைப் பாரு" என்றார்.

நகரும் தெருக்கலை ஒன்றும் எங்கள் மாவட்டத்தில் இருந்தது. கேரளச் சுற்றுலாப் பேருந்துகளின் உடம்பெல்லாம் புலி, சிங்கம், திரைப்பட நாயகர், மின்னும் எழுத்து என்று நிறைந்திருந்த காலத்தில், என் மகன் அவற்றின் படங்களைப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் வரைந்துகொண்டிருந்தான். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே ஒன்பது பேர் இறந்த பேருந்து விபத்துக்குப் பிறகு, சுற்றுலாப் பேருந்துகள் அனைத்தும் வெள்ளை நிறத்தில்தான் ஓட வேண்டும் என்ற விதி கறாராக நடைமுறைக்கு வந்தது. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களோடு சென்ற ஆசிரியரும் உண்டு. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் வேலையிலிருக்கும் எனக்கு அந்தப் புலிகள் போனதில் வருத்தமில்லை. மகனுக்கு இருக்கிறது.

இவ்வளவு தூரம் போய்ப் பார்த்த எனக்கு, நன்றாகப் பார்க்கக் கிடைத்த சுவர் சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருந்தது.

கேரளத்தில் தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே சுவர்களைப் பிடித்துவைக்கும் வழக்கம் உண்டு. கட்சிக்காரர்கள் சுவருக்கு உரியவரிடம் பேசி, வெள்ளையடித்து, மூலையில் ‘புக்ட்’ என்ற சொல்லையும் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வேட்பாளர் யார் என்றே தெரியாத நிலையில் சுவர் காத்திருக்கும். எதிர் வீட்டுக்காரர் 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தம் சுற்றுச்சுவரைக் கொடுத்திருந்தார். கொள்கைப் பிடிப்பால் அன்று, வெள்ளையடிக்கும் செலவு மிச்சம் என்பதால். சித்தூர், ஆலத்தூர் தொகுதிக்குள் வருகிறது. கேரளத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 26 என்று அறிவிப்பு வந்து, சுவரெழுத்தும் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலைக் காரணம் காட்டி நாங்கள் எங்கும் போகவில்லை. அன்றைக்குப் பரோட்டா என்று முடிவாகியிருந்தது.

ஒரு கிலோ மைதாவுக்கு ஒரு முட்டை, அரைத் தம்ளர் பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் கால் மணி நேரம் பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடினேன். மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய வலைபோல் இறுகுகிறது. அந்த இறுக்கம் தளர்வதற்குள் வீச முயன்றால், மாவு ரப்பர்போல் திரும்பிச் சுருங்கும், இல்லாவிட்டால் கிழியும். இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். மாஸ்டர் இதற்குச் சொல்லும் சொல் ‘தூங்க விடுறது’. மாவு தூங்கிய அந்த இரண்டு மணி நேரமும் நான் ஜன்னலில் நின்றேன்.

சுவரெழுத வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். இரண்டு நாள் முன்பே வந்து, பழைய ‘புக்ட்’ எழுத்தின்மேல் மறுபடியும் இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு வந்ததும் தூரிகையைத் தொடவில்லை. நீலப்பொடியில் தோய்த்த நூலை, ஒரு முனையைக் கூட வந்த பையனிடம் கொடுத்து, இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் சுண்டினார். சுவரில் ஒரு நீலக்கோடு விழுந்தது. இப்படி நான்கு கோடு. பிறகு வலக்கையை விரித்து, சாண் சாணாகச் சுவரின் நீளத்தை அளந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். அவ்வளவுதான் அளவு. தட்டைத் தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, டப்பாவின் விளிம்பில் ஒருமுறை வழித்து எழுதத் தொடங்கியபோது கை நிற்கவே இல்லை. எழுத்தின் உடம்பு முழுவதும் முடிந்த பிறகு கறுப்பு எடுத்து வலப்பக்கமும் கீழும் நிழல் கொடுத்தார். எழுத்து சுவரைவிட்டு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது.

மலையாள வரி முடிந்ததும் தமிழ் வரி. எங்கள் பகுதியில் இரண்டிலும் எழுதினால்தான் எல்லோரும் படிப்பார்கள். தேநீர் கொடுக்கப் போன சாக்கில் பக்கத்தில் நின்று, எது எளிது என்று கேட்டேன். "மலையாளம்னா பிரஷ் சுத்திட்டே போயிரும் டீச்சரே. தமிழுக்கு மூலைக்கு மூலை நின்னு திரும்பணும்" என்றார். சொல்லிக்கொண்டே அவர் எழுதி முடித்திருந்த வரியைப் படித்த நான், ஆசிரியைப் புத்தி சும்மா இருக்கவிடாமல், செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தேன். ‘வெற்றி பெற செய்வீர்’ என்று இருந்தது. நடுவில் ‘ச்’ இல்லை.

"அண்ணா, ‘பெறச் செய்வீர்’னு ஒரு ‘ச்’ வரணுமுங்க."

அவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த கட்சிக்காரர் கொடுத்த தாளைப் பார்த்தார். தாளிலும் ‘ச்’ இல்லை. "தாள்ல இல்லையே" என்றார், கோபமில்லாமல். பிறகு, "இத்தனை வருசம் எழுதியிருக்கேன், யாரும் சொன்னதில்ல" என்றார். அது என்னைப் பாராட்டியதா, குறைகூறியதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நூலடித்து, சாணளந்து, புள்ளிவைத்து எழுதிய வரியில் புதிதாக ஓர் எழுத்துக்கு இடமேது? அழிக்க வேண்டுமானால் மறுபடியும் சுண்ணாம்பு அடித்து, மறுபடியும் காயவிட வேண்டும். நான் சங்கடத்தோடு, "பரவாயில்லைங்கண்ணா, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மாவைப் பார்க்க உள்ளே வந்துவிட்டேன்.

மாவு தூங்கி எழுந்திருந்தது. உருண்டைகளாக்கி, எண்ணெயில் உருட்டி, இன்னும் அரை மணி நேரம் வைத்துவிட்டு, கருங்கல் மேடையில் எண்ணெய் தடவி வீசத் தொடங்கினேன். என் வீச்சு மாஸ்டரின் வீச்சன்று. காற்றில் பறக்காது, மேடையை அறைந்து அறைந்துதான் பெரிதாகும். அடியிலிருக்கும் கல்லின் புள்ளிகள் மாவினூடே தெரியும் அளவுக்கு மெலிந்ததும், ஓரத்தைப் பிடித்து மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, கயிறாக்கி, சுருட்டி, தட்டினேன். இருபத்திரண்டில் மூன்று கிழிந்தன. சுட்டு எடுத்தவற்றை ஐந்தைந்தாக அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்து அடித்தபோது மடிப்புகள் பிரிந்து ஆவி கிளம்பியது. மாமியார் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சாப்பாடு தயார் என்று அறிந்துகொள்கிறார், நான் கூப்பிடுவதில்லை.

சுவரெழுத்துக்காரருக்கும் பையனுக்கும் நான்கு நான்கு பரோட்டாவும் முந்தின இரவின் சால்னாவும் மகளிடம் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டைத் திருப்பிக் கொண்டுவந்த பையன், "சால்னா எந்தக் கடையினு தாத்தா கேக்கச் சொன்னாரு" என்றான். கணவர் என்னைப் பார்த்தார். இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

மாலையில் அவர்கள் போன பிறகு வெளியே வந்து பார்த்தேன். ‘பெற’வுக்கும் ‘செய்வீர்’க்கும் நடுவில், மற்ற எழுத்துகளின் கால்வாசி உயரத்தில், நெருக்கியடித்துக்கொண்டு ஒரு ‘ச்’ நின்றது. அதற்கும் கறுப்பில் நிழல் கொடுத்திருந்தார்.

வாக்குப்பதிவு முடிந்தது, முடிவுகள் வந்தன, சுவர் அப்படியே இருந்தது. அடுத்து, வரவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்காக இன்னொரு கட்சி அதே சுவரைப் பிடித்து, மெல்லியதாக ஒரே ஒரு கை வெள்ளையடித்துவிட்டு ‘புக்ட் 2025’ என்று எழுதிப் போயிற்று. அந்த வருட ஆடியில் கணவாய்க் காற்றோடு சாய்ந்து அடித்த மழையில் சுண்ணாம்பு அங்கங்கே கரைந்தது. வேட்பாளரின் பெயர் எழுந்து வரவில்லை, சின்னமும் வரவில்லை. வெங்காயம் வதக்கிக்கொண்டே ஜன்னல்வழியே பார்த்தபோது, வெள்ளைக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாக அந்தக் குட்டி ‘ச்’ மட்டும், தன் புள்ளியோடு தெரிந்தது. பின்னால் சேர்த்ததென்பதால் சாயத்தைக் கெட்டியாக வைத்திருப்பார் போலிருக்கிறது.